மெல்பேர்ணுக்குப் போன நீர்யானை அம்மன்

சிட்னி விமான நிலையத்தில் என்னை முதலில் வரவேற்றது ஒரு சுங்க அதிகாரியின் தும்மல். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் சரக்குத்தூளை நானே வறுத்து இடித்து மூன்று துணிப்பைகளில் கட்டிக் கொண்டு வந்திருந்தேன். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், திப்பிலி எல்லாம் சேர்ந்த சாமான். மனிதர் ஒரு பையை அவிழ்த்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். ஐந்து தரம் தும்மினார். ஆறாவது வருவதற்குள் "போங்கள் அம்மா, தயவுசெய்து போங்கள்" என்று வாசலைக் காட்டிவிட்டார். வேப்பிலைக் கட்டு மட்டும் குப்பைக்கூடைக்குள் போனது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறவள். இரண்டு மாத லீவு கேட்டு நின்றபோது எங்கள் அதிபர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ரீச்சர், அவுஸ்திரேலியாவில என்ன சரித்திரம் கிடக்கு எண்டு போறியள்?" என்றார். "சரித்திரம் பாக்கப் போகேல்லை, தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு பாக்கப் போறன்" என்றேன். கடைசியில் இரண்டுக்கும் வாய்ப்பு வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆனால் இரண்டில் ஒன்றைத் தவறவிட்டேன்.

என் தங்கை யோகா என்னைவிட எட்டு வயது இளையவள். அவளுடைய கணவன் குகன் ஒரு பொறியியலாளர். எழுபதுகளில், கறுத்தவர்களுக்கும் கதவைத் திறக்கிறோம் என்று அந்த நாடு சொன்ன கையோடு விண்ணப்பம் போட்டு வந்து சேர்ந்தவர்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தவறிப் போயின. முதலாவது ஊரில், எட்டாம் மாதத்தில். அப்போது நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது சிட்னியில். அப்போது குகனைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. இது மூன்றாவது.

டாக்டர்கள் எல்லாம் சரி என்கிறார்கள். ஆனால் நான் போய் இறங்கிய வீட்டில் ஒரு தொட்டில் இல்லை, ஒரு சின்னச் சட்டை இல்லை, பின்னிய காலுறை இல்லை. பிள்ளை வரப்போகிற வீடு என்பதற்கு யோகாவின் வயிற்றைத் தவிர வேறு அடையாளமே கிடையாது. நான் பெட்டியைத் திறந்து கொண்டுவந்த பழந்துணிகளை எடுத்தபோது, "உள்ளயே வையுங்கோ அக்கா" என்று மூடிவிட்டாள்.

குகன் குசினிக்குள் அடுப்போரம் என்னைத் தனியாகப் பிடித்து, "அக்கா, என்னோடகூட அவ பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறேல்லை. நீங்கள் வந்திட்டியள், இனி நான் கொஞ்சம் நித்திரை கொள்ளுவன்" என்றார். சரக்குத்தூள் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று நம்பிக்கொண்டு வந்தவள் நான்.

முதல் கிழமை முழுவதும் நான் கடைப் பாணை, அந்த வெள்ளை ரொட்டியைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் அந்த நாட்களில் பாணுக்கு விடியற்காலை வரிசை. ஓர் இறாத்தல் கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் கொண்டாட்டம். இங்கே கடையில் அடுக்கடுக்காக வெட்டிப் பையில் போட்டு, யாராவது எடுத்துப் போனால் போதும் என்பதுபோல் கிடந்தது. ஆனால் பஞ்சை மென்றதுபோல் இருந்தது. குகன் அதன்மேல் ஒரு கறுப்புப் பசையைத் தடவித் தந்தார். இந்த நாட்டார் அதைச் சாப்பிட்டுத்தான் இவ்வளவு உயரமாக வளர்கிறார்களாம். எனக்கு உப்பில் ஊறிய மருந்து மாதிரி இருந்தது. வளர்ந்தது போதும் என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை யோகா தலை தோய்ந்து, சேலை உடுத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ அக்கா. கோயிலுக்குப் போவம்."

"இங்க கோயில் இருக்கோ?"

"ஒண்டு இருக்கு."

எனக்குத் தெரிந்து அந்த நகரம் முழுவதிலும் ஒரு கோயில் கிடையாது. கட்டவேண்டும் என்று சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேசி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கலைவதாகக் குகன் சொல்லியிருந்தார். எல்லாருடைய சாமியும் அலுமாரிக்குள்தான். ஆனாலும் கேள்வி கேட்காமல் பஸ்ஸில் ஏறினேன். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போன இடம் ஒரு அருங்காட்சியகம். மாடிப்படி ஏறி, பலகைத் தரை கிறீச்சிட ஒரு நீண்ட அறைக்குள் நுழைந்தோம். எகிப்து அறை.

ஏழாம் வகுப்புக்கு எகிப்து ஒரு பாடம். "எகிப்தியர் பல தெய்வங்களை வணங்கினர்" என்று பதினைந்து வருடங்களாகச் சொல்லி எழுதுவித்திருக்கிறேன். அந்த ஒரு வசனத்துக்குள் இத்தனை பேர் ஒளிந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கொக்குபோல நீண்டு வளைந்த அலகோடு கணக்கப்பிள்ளை மாதிரி எழுத்துக்கோல் பிடித்த தோத். இறந்தவர்களின் இதயத்தைத் தராசில் நிறுக்கும் நரிமுக அனுபிஸ். மாட்டுக் காதோடு சிரித்த முகமாக ஹாத்தோர். சிங்க முகத்தோடு செக்மெத். கொள்ளைநோயை அனுப்புகிறவளும் அவள், குணமாக்குகிறவளும் அவள் என்று அட்டையில் எழுதியிருந்தது. எங்கள் மாரியம்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று நினைத்துக்கொண்டேன்.

யோகா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே அறையின் கோடிக்குப் போய், ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கைகூப்பினாள்.

உள்ளே முழங்கால் உயரத்தில், கரும்பச்சைக் கல்லில், நிறைமாத வயிற்றோடு நிமிர்ந்து நிற்கிற ஒரு நீர்யானை. சிங்கத்தின் கால்கள். முதுகில் முதலையின் வால். தொங்கிய மார்பு. வாயை இலேசாகத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பெயர் தவரெத். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் காவல். அவளுக்கென்று பெரிய கோயில்கள் அதிகம் இருந்ததில்லையாம். வீடுகளுக்குள், கட்டில்களில், கழுத்துத் தாயத்துகளில் இருந்து காவல் காத்தவள். பக்கத்தில் அவளுடைய கூட்டாளி, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் குள்ளன் பெஸ். பேய் பிசாசுகளைப் பயங்காட்டித் துரத்துவது அவன் வேலை.

"இது என்ன விசர் வேலை, யோகா?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"வயித்தைப் பாருங்கோ அக்கா. பிள்ளையாரும் இப்பிடித்தானே."

"பிள்ளையார் யானை."

"இவ நீர்யானை. என்ன பெரிய வித்தியாசம்?"

பிறகு யோகா சொன்னாள்: "ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைக் கதிரையில இருத்திப்போட்டு மேலயிருந்து கதைக்கினம். இவ ஒருத்திதான் என்னை மாதிரியே முதுகு நோக நிக்கிறா. நாலாம் மாசத்திலயிருந்து ஒவ்வொரு வெள்ளியும் வாறன். பிள்ளை உயிரோட பிறந்தால் மோதகம் படைக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

அங்கிருந்த காவலர் யோகாவுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். நரைத்த மீசைக்காரர். இந்தப் பெண் எகிப்து ஆராய்ச்சி மாணவி, இவ்வளவு அக்கறையாக ஒரு மாணவியைத் தான் கண்டதில்லை என்று என்னிடம் புகழ்ந்தார். நான் மறுக்கவில்லை.

திரும்பும் முன் சுவரில் இருந்த பெரிய அட்டையைப் படித்தேன். விடியற்காலையில் பூசகர் சந்நிதியின் முத்திரையை உடைத்துக் கதவைத் திறப்பாராம். சாமியை எழுப்பிக் கழுவி, வாசனைத் தைலம் பூசி, புது வஸ்திரம் சாத்தி, சாப்பாடு வைப்பார். சாமி அதன் சாரத்தை எடுத்துக்கொண்ட பிறகு பூசகர்கள் அதைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். புதுச் சிலை செய்தால் அதன் வாயைத் திறக்க ஒரு தனிச் சடங்கு. நாங்கள் கண்ணைத் திறக்கிறோம், அவர்கள் வாயைத் திறந்திருக்கிறார்கள். ஊரில் எங்கள் கோயில் குருக்களை இங்கே கொண்டுவந்து விட்டால், மொழி மட்டும் தெரிந்தால் போதும், அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார். இதைப் பதினைந்து வருடம் நான் ஒரே வசனத்தில் முடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் குள்ளன் பெஸ் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றான். அம்மன் நின்ற இடத்தில் ஒரு சின்ன அட்டை. மெல்பேர்ணில் நடக்கவிருக்கும் கண்காட்சிக்காக எடுத்துச் செல்லப்பட்டுள்ளது, நான்கு மாதங்களில் திரும்பும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே திரும்பினால், யோகா பலகைத் தரையில் இருந்துவிட்டாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"கும்பம் வைக்கேல்லை அக்கா" என்றாள்.

"என்ன?"

"கோயிலில மூலஸ்தானத்தைத் திருத்தேக்க முதல்ல சாமியைக் கும்பத்தில இறக்கி, வேற இடத்தில வைச்சுப் பூசை செய்துதானே பிறகு சிலையில கை வைப்பினம்? இவங்கள் ஒண்டும் செய்யாமல் தூக்கிக்கொண்டு போட்டாங்கள். இன்னும் ரெண்டு கிழமைதானே கிடக்கு. நான் ஆரிட்டப் போறது?"

அருங்காட்சியகம் பாலஸ்தாபனம் செய்யவில்லை என்று குற்றம் சொன்ன முதல் ஆள் உலகத்திலேயே என் தங்கையாகத்தான் இருப்பாள். அதைச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. இரண்டு நாட்கள் நான் ஆக்கியதெல்லாம் ஆறிப் போனது. மூன்றாம் நாள் பின்னேரம் என்னுடைய கட்டிலில் வந்து இருந்தாள். கையில் ஒரு பித்தளைச் செம்பு.

"அக்கா, ரெயிலில ஒரு பகல். நீங்கள் போய் இந்தச் செம்பில அவவைக் கூட்டிக்கொண்டு வருவியளோ?"

நான் குருக்களுமில்லை, எனக்கு மந்திரமும் தெரியாது, தெரிந்தாலும் அது அந்த எகிப்து அம்மனுக்கு விளங்காது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல, இந்த வீட்டில் யோகா ஏதாவது ஒன்றைக் கேட்டிருப்பது இதுதான் முதல் தடவை என்பது உறைத்தது. குகன் கதவருகில் நின்று கெஞ்சுவதுபோல் பார்த்தார். மறுநாளே போகிறேன் என்றேன். இடையில் ஒன்றும் ஆகிவிடாதே என்று கேட்டதற்கு, "டொக்டர் ரெண்டு கிழமை எண்டவர்" என்று யோகா அடித்துச் சொன்னாள்.

காலையில் அவள்தான் எழுந்து எனக்குப் புளிச்சோறு கட்டித் தந்தாள். குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, "கெதியா வெளிக்கிடுங்கோ, ரெயில் விட்டிடும்" என்று என்னை விரட்டினாள். செம்பில் தண்ணீர் நிறைத்தோம். மாவிலைக்கு எங்கே போவது? வாசலில் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் ஐந்து இலை பறித்து வைத்தாள். தேங்காய்க்குப் பதில் ஒரு எலுமிச்சம்பழம்.

ததும்புகிற செம்போடு ரயிலில் போகும் கஷ்டம் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தேன். சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து ஒருவர் இறைச்சிப் பேஸ்ட்ரிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தார். "இறைச்சி வேண்டாம்" என்றேன். "இதில் பெரிதாக இறைச்சி ஒன்றும் இராது" என்று நேர்மையாகச் சொன்னார்.

எதிரே கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவி. ஆட்டுப் பண்ணைக்காரி. வெளியே ஓடுகிற ஒவ்வொரு மந்தையையும் பார்த்து, "மெலிவு", "பரவாயில்லை", "இவனுக்கு ஆடு வளர்க்கத் தெரியாது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் யன்னலால் பார்த்து மலைத்தேன். யாழ்ப்பாணத்தில் இவ்வளவு நேரம் ரயில் ஓடினால் கடலுக்குள் இறங்கியிருக்கும். இங்கே ஆடுகளும் வானமும் முடிகிறபாடாக இல்லை. கிழவி வெகுநேரமாகச் செம்பையே பார்த்தாள். பிறகு தன் கூடையில் இருந்த மஞ்சள் வாட்டில் பூங்கொத்தில் ஒரு கிளையை ஒடித்து, "உன் இலை வாடிவிட்டது, பெண்ணே" என்று செம்பில் செருகிவிட்டு, அடுத்த சின்ன ஸ்டேஷனில் இறங்கிப் போனாள். மஞ்சள் பூ வந்ததும் செம்புக்குக் கும்பத்தின் களை வந்துவிட்டது. யார் யாரோ சேர்ந்து செய்கிற பூசை என்று மனம் கொஞ்சம் இளகியது.

மெல்பேர்ணில் குகனுடைய ஒன்றுவிட்ட அண்ணர் வந்து கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மனைவி தந்த இடியப்பத்தையும் சொதியையும் மறக்கமாட்டேன். குளிரை மறக்க நினைத்தாலும் முடியாது. சிட்னியில் குளிர் தோலைத் தொடும், இங்கே எலும்பைத் தொடுகிறது. காலையில் அவர் வேலைக்குப் போகும் வழியில் என்னை ட்ராம் நிறுத்தத்தில் இறக்கி, இலக்கத்தை இரண்டு தரம் சொல்லித் தந்தார். சரியான இலக்கத்தில்தான் ஏறினேன். எதிர்ப்பக்கமாகப் போகிறதில் ஏறிவிட்டேன். ட்ராம் நிதானமாக, மணியடித்துக்கொண்டு, நகரத்தை விட்டு விலகிக் கடற்கரையில் கொண்டுபோய் என்னை இறக்கியது. சேலைக்கு மேல் குகனின் கோட், கையில் செம்பு, முன்னால் சாம்பல் நிறக் கடல். நேரம் பத்து மணி. நடத்துநர், "கடலில் ஊற்றவா கொண்டு வந்தாய்?" என்று கேட்டார். அதே ட்ராமில் திரும்பி வரும்வரை எனக்குப் பக்கத்தில் நின்று, இறங்கவேண்டிய இடத்தில் கையைப் பிடித்து இறக்கிவிட்டவரும் அவர்தான்.

மெல்பேர்ண் அருங்காட்சியகத்தில் கண்காட்சி திறக்க இன்னும் ஒரு கிழமை இருந்தது. வாசல் மேசையில் இருந்த பெண் இதை மூன்று விதமாகச் சொன்னாள். நான் அம்மனைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று நான்கு விதமாகச் சொன்னேன். அவள் என் சேலையைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், ஏதோ முடிவுக்கு வந்து தொலைபேசியை எடுத்து, "ஹபீப், உன் நாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார்" என்றாள்.

ஹபீப் வந்தார். மரத்தூள் படிந்த மேலங்கி, காதில் பென்சில். அங்கே பெட்டிகள் அடிக்கிற எகிப்துக்காரத் தச்சர். என்னிடம் அரபியில் ஏதோ கேட்டார். நான் யாழ்ப்பாணம் என்றேன். அவருக்கு அது எங்கே என்று தெரியாது. ஆனால் நான் வந்த காரணத்தை உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது, அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"என் அம்மா கிறிஸ்தவள்" என்றார். "ஒரு ஞாயிறு பூசை தவறவிட்டதில்லை. ஆனால் ஐந்து வருடம் பிள்ளையில்லாமல் இருந்தபோது, விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் ஊருக்குப் பக்கத்திலிருந்த பாழடைந்த கோயிலுக்குப் போய், சிங்கமுகக்காரியை ஏழு தரம் சுற்றினாள். பத்தாம் மாதம் நான் பிறந்தேன்."

"பாதிரியாருக்குத் தெரியவந்திருந்தால்?"

"தெரியும். அவருடைய அம்மாவும் சுற்றியவள்தான்."

பின்பக்கக் கொட்டகைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மரப்பெட்டிக்குள், வைக்கோலுக்கு நடுவில், கழுத்துவரை மூடிக்கொண்டு எங்கள் நீர்யானை அம்மன் மல்லாக்கப் படுத்துக் கிடந்தாள். அந்த வயிற்றோடு அவளைப் படுக்க வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, "இவவை நிமிர்த்துங்கோ" என்று தமிழில் சத்தம் போட்டுவிட்டேன். ஹபீப் மறுபேச்சில்லாமல் இன்னொருவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவளைத் தூக்கி ஒரு மேசையில் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அது ஒரு கல் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

செம்பை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். ஹபீப் அதை வாங்கி அவளுடைய காலடியில் வைத்தார். பழைய எகிப்தில் மந்திரம் செதுக்கிய சிலைமேல் தண்ணீரை ஊற்றி, வழிந்து வருவதை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுப்பார்களாம், இங்கே ஒரு பேராசிரியர் பேசும்போது கேட்டது என்றார். "கல்லில் ஊற்றினால் என் வேலை போய்விடும். பக்கத்தில் இருந்தால் போதாதா?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

நான் தேவாரம் பாடலாம் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வரவில்லை. "எங்கட யோகா. ஒவ்வொரு வெள்ளியும் வருவாள், உனக்குத் தெரியும். ரெண்டு போட்டுது. அவள் பாவம். இதையாவது விட்டுவிடு" என்றேன். அவ்வளவுதான். பிறகு அழுதேன். கோயிலுக்குப் போனால் யார் என்ன சேலை உடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிற நான், ஒரு கொட்டகைக்குள், மரத்தூளுக்கு நடுவில், எகிப்துக்காரிக்கு முன்னால் விம்மி விம்மி அழுதேன். ஹபீப் சுவரைப் பார்த்தபடியே தன் கைலேஞ்சியை நீட்டினார். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் மனைவி கட்டித் தந்த அவரைப் பருப்பையும் ரொட்டியையும் மேசையில், அம்மனுக்குப் பக்கத்தில் விரித்தார். அவளுக்கு முதலில் காட்டிவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். உப்பும் எலுமிச்சையும் நல்லெண்ணெய் போல ஏதோ ஒன்றும் விட்டிருந்தது. அவுஸ்திரேலியாவில் நான் சாப்பிட்ட மிக நல்ல சாப்பாடு அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது குகனின் அண்ணர் வாசலிலேயே நின்றார். வேலையிலிருந்து ஏன் இவ்வளவு நேரத்தோடு வந்தார் என்று நினைத்ததும் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, பயப்பிடாதை. பிள்ளை பிறந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். காலமை பத்து மணிக்கு."

பத்து மணிக்கு நான் கடற்கரையில், செம்போடு, எதிர்த்திசையில் வந்த பைத்தியமாக நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அவர் மனைவியைக் கட்டிப்பிடித்தேன். அடுத்த நிமிஷம் என்மேலேயே கோபம் வந்தது. கடல் கடந்து எதற்காக வந்தேனோ அதைக் கோட்டைவிட்டேன். நான் அம்மனிடம் போய்க் கேட்பதற்கு முன்னமே பிள்ளை பிறந்துவிட்டது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று சரித்திர ஆசிரியை கணக்குப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். மறுநாள் ரயிலில் வரும் வழியெல்லாம் ஆடுகளைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்துக்குத்தான் விட்டார்கள். யோகா கட்டிலில் சாய்ந்து இருந்தாள். பக்கத்தில் கண்ணாடித் தொட்டிலில், மடித்த துணிக்குள் பிள்ளை. நான் செம்பை மேசையில் வைத்து, ட்ராமையும் ஹபீபையும் வைக்கோலையும் ஒரே மூச்சில் சொன்னேன். யோகா செம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கிழமை இருக்கெண்டு சொல்லி என்னை அனுப்பிப்போட்டாய்" என்றேன். செல்லமாகத்தான் கோபித்தேன்.

"விடிய நாலு மணிக்கே இடுப்புக் குத்து தொடங்கிட்டுது அக்கா. நீங்கள் ரெயில் ஏறின அண்டைக்கு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு புளிச்சோறு கட்டியது கண்முன் வந்தது.

"இவருக்கும் சொல்லேல்லை. உங்களை ஏத்திப்போட்டு வந்த பிறகுதான் சொன்னனான். உங்களுக்குப் போன் எடுக்க வேண்டாமெண்டும் மறிச்சனான்."

"என்னத்துக்கடி? நான் இதுக்குத்தானே வந்தனான்."

அவள் போர்வையின் விளிம்பை மடித்து மடித்து விட்டாள்.

"முதல் பிள்ளையைத் துணியில சுத்தி நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்து காட்டினீங்கள். நான் பிள்ளையைப் பாக்கேல்லை அக்கா. உங்கட முகத்தைத்தான் பாத்தனான். இதுவும் போயிருந்தால், அந்த முகத்தை இன்னொருக்காப் பாக்க என்னால ஏலாது. அதுதான் தூர அனுப்பினனான்."

அவள் மெல்ல எட்டித் தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுத்து, என் மடியில் வைத்தாள். சூடாக, கனமாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. கையை உதறி ஒரு கொட்டாவி விட்டது.

"இப்ப பாருங்கோ" என்றாள்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். யோகா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.